கோ கெங் சுவீயா, விட்டேக்கரா, ரிங்காடுவா: எங்களுக்கு எந்த நிதித் தலைமை?

யாழ்ப்பாணத்தில் நாட்டு நிலைமை பற்றி நாலு பேர் கதைக்கத் தொடங்கினால், கடைசியில் யாராவது ஒருவர் "எங்களுக்கும் ஒரு லீ குவான் யூ வரவேணும்" என்று தீர்ப்புச் சொல்லி முடித்து வைப்பார். கல்யாண வீடு, செத்த வீடு, தேத்தண்ணிக் கடை எங்கும் இதே கதைதான். சிங்கப்பூரின் காசுப்பெட்டித் திறப்பு லீயிடம் இருக்கவில்லை, கோ கெங் சுவீ என்ற நிதி அமைச்சரிடம் இருந்தது. அவருடைய பேரை ஒருவரும் எடுப்பதில்லை.

2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று கையை விரித்த நாடு நாங்கள். அந்த ஒரு வருடத்துக்குள் மூன்று நிதி அமைச்சர்களைப் பார்த்தோம். அதில் ஒருவர் பதவியேற்ற மறுநாளே விலகுவதாக அறிவித்தவர். இனி வரும் பத்து வருடத்துக்குக் காசுப் பொறுப்பை எப்படிப்பட்ட ஆளிடம், எந்த வழியில் ஒப்படைப்பது என்பது உண்மையான தெரிவு. வாக்குக் கேட்டு வருகிறவரிடம் நாங்கள் எதைக் கேட்பது என்பதும் அதற்குள் அடங்கும். எங்களைப் போலச் சின்னதாக இருந்து ஏறிய நாடுகளில் நாலு வழிகளை எடுத்து, யாழ்ப்பாணத்தில் நின்று பார்த்து ஒப்பிடுகிறேன்.

முதலில் உற்பத்தித்திறன் என்றால் என்ன என்பதைச் சுன்னாகச் சந்தைக்குப் போகிற வழியில் முடித்துவிடலாம். ஒரு ஆள் ஒரு மணித்தியாலம் உழைத்து ஆக்குகிற பெறுமதி, அவ்வளவுதான். கமக்காரர் 100 கிலோ கத்தரிக்காயை மூட்டையில் கட்டிச் சந்தைக்குக் கொண்டுபோகிறார். தராசில் 100 காட்டும். துண்டில் 90 என்று எழுதுவார்கள். மிச்சம் 10 "கழிவு". வாடும், நசியும், அழுகும் என்பது வியாபாரி சொல்லும் காரணம். எங்கள் சந்தைகளில் கமக்காரர் பல வருடமாகச் சண்டை பிடித்தும் முற்றாக ஒழியாத வழக்கம் இது. அநியாயம் என்று கத்தலாம், கத்தவும் வேண்டும். ஆனால் அந்த 10 கிலோவில் ஒரு பங்கு உண்மையாகவே அழுகுகிறது. பிளாஸ்டிக் கூடை, நிழல், குளிரூட்டிய களஞ்சியம், இரவோடு இரவாகத் தம்புள்ளைக்குப் போகும் நல்ல லொறி, இவற்றில் ஒன்று கூடினால் அதே வியர்வைக்குக் கூடுதல் காசு வரும். அந்தக் கூடைக்கும் களஞ்சியத்துக்கும் யார், என்ன வட்டிக்கு, எத்தனை வருடத் தவணைக்குக் கடன் கொடுப்பது? நிதித் தலைமை தோட்டத்துக்குள் கால் வைக்கிற இடம் அதுதான்.

சுகமாகச் சொல்லி முடிக்கக்கூடியது எஸ்தோனியாவின் வழி. சோவியத்திலிருந்து பிரிந்த அடுத்த வருடமே, 1992 ஜூனில், சொந்த நாணயத்தை இறக்கினார்கள். 8 குரோன் ஒரு ஜெர்மன் மார்க். கையிருப்பில் அதற்கான வெளிநாட்டுச் சொத்து இல்லாமல் ஒரு தாளும் அச்சடிக்கக் கூடாது என்று சட்டம். 1994இல் எல்லோருக்கும் ஒரே வீத வருமான வரி, 26 வீதம். யார் நிதி அமைச்சராக வந்தாலும் குழப்பம் செய்ய முடியாதபடி கையைக் கட்டிவிட்டார்கள்.

இந்த வழியில் பாதித் தூரம் நாங்களும் வந்துவிட்டோம், விரும்பி வரவில்லை. 2022 ஏப்ரல் 8ஆம் திகதி, பொறுப்பேற்ற கையோடு மத்திய வங்கி ஆளுநர் நந்தலால் வீரசிங்க, வங்கி வட்டிகளுக்கெல்லாம் அடிப்படையான கொள்கை வட்டியை ஒரே அடியாக 7 வீதப் புள்ளி ஏற்றினார். அந்த வருடம் செப்ரெம்பரில் கொழும்பின் பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டது. 2023ஆம் ஆண்டின் 16ஆம் இலக்க மத்திய வங்கிச் சட்டம், அரசாங்கத்தின் துண்டு விழுகிற கணக்குக்கு மத்திய வங்கி காசு அடித்துக் கொடுக்கிற வழியை அடைத்தது. நல்லது. இதை அவிழ்க்கச் சொல்லி யார் கேட்டாலும் வாக்குப் போடக்கூடாது என்பது என் கருத்து. ஆனால் வேலி அடைத்தால் மாடு வராது, அவ்வளவுதான். பயிர் தன்பாட்டில் முளைக்காது. அரசாங்கம் குறுங்காலக் கடனுக்கு விற்கும் திறைசேரி உண்டியல் 30 வீதத்துக்கு மேல் வட்டி கொடுத்த அந்த மாதங்களில், யாழ்ப்பாணத்தில் கையில் காசு வைத்திருந்த ஓய்வூதியக்காரர் வேறென்ன செய்திருப்பார்? நிலையான வைப்பில் போட்டுவிட்டு வீட்டில் இருந்தார். புத்தியான வேலை. தோட்டத்துக்கும் பட்டறைக்கும் போகவேண்டிய காசு அப்படியே நின்றது.

இனிச் சிங்கப்பூர். கோ கெங் சுவீ 1959இல் நிதி அமைச்சரானார். லண்டனில் பொருளாதாரத்தில் கலாநிதிப் பட்டம் எடுத்தவர், கையிறுக்கம் பேர்போனது. 1961இல் பொருளாதார அபிவிருத்திச் சபையைத் தொடங்கி, ஜூரோங் என்ற சதுப்பு நிலத்தை நிரப்பிக் கைத்தொழில் நகரம் கட்டப் புறப்பட்டார். முதல் சில வருடம் ஆலைகள் வரவில்லை. "கோவின் பைத்தியக்காரத்தனம்" என்று அந்த இடத்துக்குப் பட்டம் வைத்தார்கள். மனிதர் அசையவில்லை. தொழிற்சாலைகளுக்கு நீண்டகாலக் கடன் கொடுப்பதற்கென்றே 1968இல் ஒரு அபிவிருத்தி வங்கியைப் பிரித்தெடுத்தார்கள். இன்று டி.பி.எஸ். என்று பெரிய வணிக வங்கியாக நிற்பது அதுதான்.

எங்கள் ஆட்கள் கவனிக்காத பக்கம் ஒன்று இதில் இருக்கிறது. இவ்வளவும் கட்டிய கோ, காசு அச்சடிக்கிற அதிகாரத்தைத் தன் கைக்கு எடுக்கவில்லை. 1967இல் நாணயச் சபை முறையையே வைத்துக்கொண்டார். ஒவ்வொரு சிங்கப்பூர் டொலருக்கும் ஈடாக வெளிநாட்டுச் சொத்து இருக்கவேண்டும். எஸ்தோனியா பிறகு கட்டிக்கொண்ட அதே கயிறு. நாங்களோ 1950இல் நாணயச் சபையைக் கலைத்து மத்திய வங்கி தொடங்கியவர்கள். அது தவறென்று நான் சொல்லவில்லை, சுதந்திர நாடு என்றால் மத்திய வங்கி வேண்டும் என்பது அந்தக் காலத்து நினைப்பு. ஆனால் கோ கட்டியதற்கான காசு சேமிப்பிலிருந்தும் வரியிலிருந்தும் வந்தது. பிரித்தானியர் 1955இல் தொடங்கிவைத்த சேமலாப நிதியில் 1984 அளவில் தொழிலாளி 25 வீதம், முதலாளி 25 வீதம் என்று கட்டினார்கள். எங்கள் ஊழியர் சேமலாப நிதியில் தொழிலாளி 8, முதலாளி 12.

சிங்கப்பூருக்கும் சறுக்கியது. மலிவுக் கூலி ஆலைகளைத் துரத்திவிட்டு உயர்ந்த திறன் வேலைகளைக் கொண்டுவருவோம் என்று 1979இலிருந்து மூன்று வருடம் கூலியை வேண்டுமென்றே ஏற்றினார்கள். 1985இல் பொருளாதாரம் சுருங்கியது. கூலிச் செலவு உற்பத்தித்திறனை முந்தி ஓடியது அதற்கு ஒரு காரணம். சட்டம் போட்டு ஆளின் திறனை ஏற்ற முடியாது என்று அவர்களே காசு கொடுத்துப் படித்தார்கள்.

இந்த வழி யாழ்ப்பாணத்துக்கு ஏன் சரிவராது? ஊழல் என்று உடனே சொல்வீர்கள். அது இருக்கட்டும். எனக்கு முதல் காரணம் காணி. 1966ஆம் ஆண்டுச் சட்டத்தால் சிங்கப்பூர் அரசு மக்களின் நிலத்தை மலிவாக எடுத்தது, ஜூரோங் போன்ற திட்டங்களெல்லாம் அரசின் கையில் நிலம் இருந்ததால் எழும்பியவை. வலிகாமம் வடக்கில் 1990இல் எழும்பி ஓடி, சொந்தக் காணிக்குள் காலடி வைக்க இருபது, முப்பது வருடம் காத்திருந்தவர்கள் இருக்கும் ஊர் இது. அவர்களிடம் போய் "அரசாங்கம் காணி எடுத்துக் கைத்தொழில் நகரம் கட்டப்போகிறது" என்று சொன்னால் யார் கைதட்டுவார்? கோவின் கையிறுக்கத்தை எடுத்துக்கொள்ளலாம். அவருடைய புல்டோசர் இங்கே ஓடாது.

அயர்லாந்தின் விட்டேக்கர் எனக்கு மிகவும் பிடித்த ஆள். ஆனால் அவரிடமிருந்து எடுக்கக்கூடியது குறைவு என்பதால் சுருக்கமாகவே போகிறேன். டி. கே. விட்டேக்கர் அமைச்சர் அல்ல, 1956இல் 39 வயதில் நிதி அமைச்சின் செயலாளரான உத்தியோகத்தர். அந்தப் பத்தாண்டில் ஏறக்குறைய 4 லட்சம் ஐரிஷ்காரர் கப்பலேறிப் போய்விட்டார்கள், ஊர் முழுக்க வயதானவர்களும் பூட்டிய வீடுகளும். எங்களுக்குத் தெரியாத காட்சியா? சுற்றிவர வரி மதில் கட்டிக்கொண்டு இருந்தது போதும், வெளிநாட்டு முதலீட்டுக்குக் கதவைத் திறப்போம் என்று 1958இல் ஒரு அறிக்கை எழுதினார். அரசாங்கம் அதை அவருடைய பேரிலேயே வெளியிட்டது. அமைச்சரவை மாறினாலும் பாதை மாறவில்லை.

உத்தியோகத்தர்களுக்கு முதுகெலும்பு வேண்டும் என்ற பாடம் சரி. ஆனால் அயர்லாந்துக்குப் பக்கத்தில் பிரித்தானியச் சந்தை இருந்தது, 1973இல் ஐரோப்பியச் சமூகத்தின் கதவும் திறந்தது. எங்களுக்குப் பக்கத்தில் இந்தியா இருக்கிறது என்பீர்கள். பலாலியிலிருந்து சென்னைக்கு விமானம், காங்கேசன்துறையிலிருந்து நாகபட்டினத்துக்குக் கப்பல், உண்மைதான். பயணப்பை போவது வேறு, ஏற்றுமதிப் பெட்டி போவது வேறு. இன்னொன்று: 2015இல் அயர்லாந்தின் மொத்த உள்நாட்டு உற்பத்தி ஒரே வருடத்தில் 25 வீதத்துக்கு மேல் கூடியதாகக் கணக்கு வந்தது. பெரிய கம்பனிகள் காகிதத்தில் தங்கள் சொத்தை அங்கே மாற்றியதன் விளைவு அது. உற்பத்தித்திறன் கூடிவிட்டது என்று ஒரு நிதி அமைச்சர் அட்டவணையைத் தூக்கிக் காட்டும்போது, அது சந்தைத் துண்டில் தெரிகிறதா என்று கேட்கவேண்டும்.

என் தெரிவு மொரிசியஸ்.

2012 கணக்கெடுப்பில் வடமாகாணத்தின் சனத்தொகை 10 லட்சத்து 60 ஆயிரம் அளவு. மொரிசியஸ் 12 லட்சத்துக்கு மேல். தீவின் பரப்பு யாழ் மாவட்டத்தைப்போல இரு மடங்கு. இன்று அவர்களின் தலா வருமானம் எங்களுடையதைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு. 1968இல் சுதந்திரம் கிடைத்தபோது கரும்பைத் தவிர அவர்களிடம் ஒன்றும் இல்லை. இந்தத் தீவு தேறாது என்ற தொனியில் பின்னாளில் நோபல் பரிசு பெற்ற ஜேம்ஸ் மீட் 1961இல் அறிக்கை எழுதியிருந்தார். அந்தக் காலத்தின் நிதி அமைச்சர் வீராசாமி ரிங்காடு, தமிழ் வம்சாவளியினர். பிறகு 1992இல் நாட்டின் முதல் ஜனாதிபதியும் அவர்தான். (அந்த நாட்டின் ரூபாய்த் தாளில் தமிழ் எழுத்து இருக்கிறது. எங்கள் ஆட்களுக்கு அது மட்டும் நன்றாகத் தெரியும்.)

அவர்கள் செய்ததில் இரண்டு விடயம் எங்களுக்கு முக்கியம். முதலாவது, பழையதை விழுத்தாமல் புதியதைக் கட்டியது. 1970இல், ஏற்றுமதிக்காக உற்பத்தி செய்யும் ஆலைகளுக்குச் சலுகை கொடுக்கிற ஏற்றுமதிப் பதப்படுத்தல் வலயச் சட்டம் வந்தது. கரும்பைக் கைவிடவில்லை. 1975இல் லோமே உடன்படிக்கையின் கீழ் ஐரோப்பாவுக்கு வருடம் 5 லட்சம் தொன் அளவு சீனியை நல்ல விலைக்கு விற்க உறுதி வாங்கினார்கள். சீனியில் உழைத்த தோட்ட முதலாளிகளின் காசு உள்ளூரிலேயே துணி ஆலைகளுக்குள் போனது. 1980களின் பிற்பகுதியில் கரும்பில் வேலை செய்தவர்களைவிட வலயத்தில் வேலை செய்தவர்கள் கூடிவிட்டார்கள்.

இரண்டாவது, அவர்களின் வலயத்துக்கு மதில் இல்லை. சலுகை ஒரு இடத்துக்குக் கொடுக்கப்படவில்லை, ஆலைக்குக் கொடுக்கப்பட்டது. தீவில் எந்த ஊரிலும் ஆலை போடலாம். பெண்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் போய் வேலை செய்துவிட்டுப் பின்னேரம் வீட்டுக்கு வந்தார்கள். நாங்கள் 1978இல் தொடங்கிய கட்டுநாயக்க வலயமோ ஊரை விட்டுப் பெயர்ந்து, ஒரு அறையில் நாலைந்து பேராகப் போர்டிங்கில் இருக்கச் செய்தது. கூலி விடயத்தில் மொரிசியஸையும் புகழ முடியாது. 1984 வரை பெண்ணுக்கு ஆணைவிடக் குறைந்த கூலி என்று சட்டமே வைத்திருந்தார்கள்.

இதே வருடங்களில் எங்கள் பக்கத்தில் நடந்ததை வைத்துப் பாருங்கள். 1970இல் என். எம். பெரேரா நிதி அமைச்சர். இறக்குமதி இறுகியது. தெற்கில் பாணுக்கு வரிசை. யாழ்ப்பாணத்தில் மிளகாயும் வெங்காயமும் பொன்னாக விற்றன. வோட்டர் பம்ப் வாங்கினார்கள், கல்வீடு கட்டினார்கள். வலிகாமத்துச் செம்மண்ணில் தோட்டம் செய்த கிழவர்கள் இன்றைக்கும் அதைப் பொற்காலம் என்பார்கள். 1977இல் ஜே. ஆர். ஜெயவர்த்தன அரசில் ரொனி டி மெல் நிதி அமைச்சராக வந்தார், கதவு முழுதாகத் திறந்தது. வெளிநாட்டு மிளகாயும் வெங்காயமும் வந்திறங்கின. தோட்டக்காரர் விழுந்த இடத்தில் பிடிக்கக் கிட்ட ஒன்றும் இல்லை, புது வேலை கட்டுநாயக்கவில் இருந்தது. அதற்குப் பின்னால் நடந்த அரசியலுக்கு இது மட்டும் காரணம் என்று எழுதினால் பொய். ஆனால் திறந்த பொருளாதாரம் என்றால் தோட்டக்காரனின் தலையில் இடி என்று ஒரு தலைமுறை நினைத்ததற்கு இதுதான் காரணம்.

பெரேரா பிழை, டி மெல் சரி என்றோ, மறுவளமாகவோ நான் சொல்லவில்லை. மூடின விலையில் கிடைத்த லாபம் எப்போதைக்கும் நிற்காது. திறக்கத்தான் வேண்டும். ஆனால் எந்த வரிசையில், எத்தனை வருடத்தில், பக்கத்தில் எதைக் கட்டிக்கொண்டு திறப்பது என்பதில்தான் ரிங்காடுவின் நாடு எங்களை முந்தியது.

மொரிசியஸைப் போட்டுக் கொப்பி அடிக்க முடியாத இடமும் இருக்கிறது, அதை மறைத்தால் இந்த ஒப்பீடே வீண். அவர்களின் சீனிக்கு நல்ல விலை கொடுத்தது ஐரோப்பியக் குடும்பங்கள். எங்கள் உருளைக்கிழங்குக்கும் வெங்காயத்துக்கும் காவல் நிற்கிற, இறக்குமதிக்கு விதிக்கும் விசேட பண்ட அறவீட்டைக் கட்டுவது எங்கள் சனமேதான். அறவீடு ஏறினால் நீர்வேலித் தோட்டக்காரருக்குச் சந்தோசம், குருநகரில் கூலிக்குப் போகிறவர் வீட்டுக் கறிச்சட்டிக்குக் கஷ்டம். அதனால் காவல் என்றால் திகதி போட்ட காவலாக இருக்கவேண்டும். இத்தனை வருடத்துக்கு இவ்வளவு, பிறகு இவ்வளவாகக் குறையும் என்று முன்கூட்டிச் சொல்லவேண்டும். இப்போதைய வழக்கம் இதற்கு நேர்மாறு. கார்த்திகையில் கடன்பட்டு விதைக் கிழங்கு நடுகிறவருக்கு, மாசியில் கிழங்கு கிண்டும்போது அறவீடு எவ்வளவாக இருக்கும் என்று தெரியாது. ஒரு இரவு வர்த்தமானி வரும், விடிய விலை மாறியிருக்கும். இந்த நிலையில் யார் களஞ்சியம் கட்ட முதல் போடுவார்?

மொரிசியஸின் அரசியலிலும் படிக்க ஒன்று உண்டு. சீனி விலை ஏறிய வருடங்களில் அவர்களும் கை நீட்டிச் செலவழித்து, 1979இல் நாணயத்தின் மதிப்பை இறக்கி, சர்வதேச நாணய நிதியத்திடம் போய் நின்றார்கள். 1982 தேர்தலில் ரிங்காடுவின் கட்சி நேரடியாகத் தெரிவாகும் 62 இடங்களில் ஒன்றைக்கூட எடுக்கவில்லை. இடதுசாரிகள் வந்தார்கள், போல் பெரெஞ்சே நிதி அமைச்சரானார். அவர் நாணய நிதியத்தின் பாதையைக் கிழித்துப் போடவில்லை, தொடர்ந்தார். அவருக்குப் பின்வந்தவர்களும் தொடர்ந்தார்கள். ஆட்சி விழுந்தும் கணக்கு விழவில்லை. இங்கே 2019 கடைசியில் வந்த அரசு செய்த முதல் வேலைகளில் ஒன்று பெறுமதி சேர் வரியை 15இலிருந்து 8 வீதமாக வெட்டியது. அதன் பில் 2022இல் எல்லோர் வீட்டுக்கும் வந்தது.

அப்படியானால் நான் எதைத் தெரிவு செய்கிறேன்? 2023 சட்டம் போட்ட கட்டை அவிழ்க்காத ஒரு நிதி அமைச்சர், அதற்குள் நின்று மொரிசியஸின் வரிசையில் திறப்பவர். அவருக்குக் குறைந்தது இரண்டு வேலை காத்திருக்கிறது.

நீண்டகாலக் கடன் முதல் வேலை. எங்களிடம் அபிவிருத்தி வங்கிகள் இல்லாமல் இருக்கவில்லை. டி.எப்.சி.சி. 1955இல் தொடங்கியது, சிங்கப்பூர் டி.பி.எஸ்.ஸுக்கு 13 வருடம் மூத்தது. என்.டி.பி. 1979இல் வந்தது. இரண்டும் இன்று மற்ற வங்கிகளைப்போல வணிக வங்கிகள். டி.பி.எஸ்.ஸும் அப்படித்தான் மாறியது. ஆனால் ஜூரோங்கில் புகைபோக்கிகள் எழும்பிய பிறகு மாறியது. இன்றைக்கு யாழ்ப்பாணத்தில் மோட்டார் சைக்கிளுக்கு லீசிங் எடுக்கப் போனால் பின்னேரத்துக்குள் சைக்கிளோடு வீட்டுக்கு வரலாம். குளிரூட்டிய களஞ்சியத்துக்கோ நண்டு பதனிடும் சின்ன ஆலைக்கோ கடன் கேட்டால் காணி உறுதி எங்கே, இரண்டு அரசாங்க உத்தியோகத்தர் பிணை நிற்பார்களா என்று கேள்வி வரும். போரில் உறுதி தொலைத்தவர், புருசனின் பேரில் காணி இருந்து புருசன் இல்லாமல் போனவர், இவர்கள் கடைசியில் நகையை அடைவு வைப்பார்கள், அல்லது நுண்கடன்காரரிடம் போவார்கள். நுண்கடனால் வடக்கில் குடும்பங்கள் பட்ட பாடு 2018இல் அரசாங்கமே தலையிட்டு நிவாரணம் அறிவிக்கும் அளவுக்குப் போனது. உறுதியை விட்டுவிட்டு விளைச்சலையும் விற்பனைத் துண்டையும் பார்த்துப் பத்து வருடத் தவணைக்குக் கடன் கொடுக்க ஒரு ஏற்பாடு வேண்டும். எங்கள் கூட்டுறவுச் சங்கங்கள் இதைச் சின்ன அளவில் செய்து பழகியவை. அவற்றுக்குப் பின்னால் பெரிய முதல் நிற்கவேண்டும்.

வெளிநாட்டுக் காசு இரண்டாவது வேலை. மொரிசியஸில் சீனி முதலாளி செய்ததை இங்கே செய்யக்கூடியவர்கள் ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிஸிலும் இருக்கிறார்கள். அவர்களின் காசு வங்கியாலும், வங்கிக்கு வெளியே கைமாறும் உண்டியலாலும் வந்துகொண்டுதான் இருக்கிறது. வந்து மதில் ஏறுகிறது, கோபுரம் ஏறுகிறது, பரப்புக் காணியின் விலையை ஏற்றுகிறது. அவர்களைக் குறை சொல்லிப் பிரயோசனமில்லை. பங்குதாரராகப் போட்ட காசைத் திரும்ப எடுத்துக்கொண்டு போகலாம், தகராறு வந்தால் நியாயமான காலத்தில் வழக்கு முடியும் என்ற நம்பிக்கை இல்லாதவரை வைப்பும் காணியும்தான் அவர்களுக்குப் பாதுகாப்பு. வலயச் சலுகையை அச்சுவேலிக் கைத்தொழில் பேட்டையின் மதிலுக்குள் மட்டும் வைக்காமல், மொரிசியஸ் மாதிரி ஊர் ஊராக ஆலைக்கே கொடுத்தால் புங்குடுதீவுக்காரர் புங்குடுதீவில் போடுவார். ஊர்ப்பற்றுக்கு இங்கே குறைவில்லை.

நாணயத்தைப் பற்றிய நம்பிக்கை மறுபடி உடைந்தால், அந்தக் கட்டை அவிழ்க்க ஆட்கள் கூட்டமாகக் கிளம்பினால், நான் மொரிசியஸைத் தள்ளி வைத்துவிட்டு எஸ்தோனியாவுக்கே போவேன். 70 வீதப் பணவீக்கத்துக்குள் எந்த வரிசையும் நிற்காது.

மாகாணத்துக்கென்று ஒரு நிதித் தலைமை இருக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. 2013இல் வாக்குப் போட்டுத் தெரிவு செய்த வடமாகாண சபையின் காலம் 2018 ஒக்ரோபரில் முடிந்தது, அடுத்த தேர்தல் பல வருடமாக நடக்கவேயில்லை. இருந்த காலத்திலும் கொழும்பு அனுப்பும் காசில்தான் பெரும்பாலும் ஓடியது. ஆகவே இந்தக் கேள்விகளை நாடாளுமன்றத்துக்கு வாக்குக் கேட்டு வருகிறவர்களிடம்தான் வைக்கவேண்டியிருக்கிறது. மேடையில் லீ குவான் யூ பேரைச் சொல்கிறவரிடம் முதலில் இதைக் கேளுங்கள்: உருளைக்கிழங்கு அறவீட்டின் அடுத்த ஐந்து வருட அட்டவணையைக் கார்த்திகைக்கு முதல் வர்த்தமானியில் போடச் சொல்லி நிதி அமைச்சரிடம் எழுத்தில் கேட்பீர்களா, மாட்டீர்களா?